நாற்பத்தெட்டாவது வீடு

கொழும்பில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில், போர்த்திய பொன்னாடையைக் கழற்ற மனமில்லாமல், தரணிதரன் மேடையில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு சதமும் வாங்காமல் பதினோராயிரம் திருத்தங்கள் செய்திருக்கிறீர்கள். ஏன்?" என்று பேட்டி கண்ட பெண் கேட்டாள்.

தரணிதரன் தலையைக் குனிந்து மூன்று விநாடி மௌனமாக இருந்தான். அந்த மௌனத்தை அவன் ஹட்டனில் தன் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நான்கு முறை பழகியிருந்தான். பிறகு நிமிர்ந்து, "என் மண்ணுக்காக" என்றான்.

கைதட்டினார்கள். பதினோராயிரம் என்ற கணக்கு உண்மைதான். ஆனால் அந்த மண்ணை அவன் மிதித்துப் பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன.

விஷயம் இதுதான். இணையத்தில் திறந்த வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. அது எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லை. அதை இயக்கும் மென்பொருளையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தலாம். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் தெருவையும் பாலத்தையும் கிணற்றையும் கூலியில்லாமல் அதில் வரைந்து வைக்கிறார்கள். கோயில் குளத்தைத் தூர்வாருவது போன்ற நல்ல காரியம். ஆனால் குளம் தூர்வாரப் போகிற கூட்டத்தில், மண்வெட்டியைத் தொடுமுன் படம் பிடிக்க ஆள் தேடுகிறவன் ஒருவனும் இருப்பான். மலைநாட்டுப் பகுதிக்கு அந்த ஒருவன் தரணிதரன்.

வரைபடத்தில் அவனுக்குச் 'சிகரம்' என்று பெயர். முகம் தெரியாமல், பாறைமேல் நின்று மலைகளைப் பார்க்கும் ஒரு முதுகுதான் அவனுடைய படம். நுவரெலியா மாவட்டத்துக்கு அவன் சரிபார்ப்பாளன். புதியவர்கள் எதை வரைந்தாலும் அவன் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தான் அது படத்தில் நிற்கும். புதியவர் ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து திருத்தங்களுக்கு மேல் செய்யக்கூடாது என்ற விதியும் அவன் கொண்டுவந்ததுதான். தரத்தைக் காப்பதற்காம். காலையில் பல் துலக்குமுன் எத்தனை பேர் இதயக்குறி போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பான். அதற்குப் பிறகுதான் சாமி கும்பிடுவான். அப்போதும் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தால் ஒரு கண் திறந்துகொள்ளும்.

டயகமவுக்கு மேலே சின்னக்காட்டுத் தோட்டம் இருக்கிறது. அதன் மேற்பிரிவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீள வரிசை வீடுகள், நான்கு லயங்கள். லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். தரணிதரன் பிறந்தது அங்கேதான். இதை ஹட்டனில் ஒருவருக்கும் அவன் சொன்னதில்லை. அவன் மனைவி கோசலாவின் குடும்பம் பஜாரில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்துகிறது. பெண் கேட்டுப் போனபோது, தன் அப்பா தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கிளார்க்காக இருந்தவர் என்று சொல்லிவிட்டான். உண்மையில் அவர் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டினார். கான் வெட்டிய கைதான் அவனை உயர்தரம்வரை படிக்க வைத்தது. அந்தக் கையைத் தரணிதரன் கல்யாணப் படத்திலிருந்தே வெட்டி எடுத்துவிட்டான்.

மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பில் நடந்த ஒரு பயிற்சியில், ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஆளுக்கொரு தோட்டம் வரையச் சொன்னார்கள். அவனுக்கு வந்ததே சின்னக்காடுதான். தோட்டத்து நிர்வாகி குடியிருக்கும் துரை பங்களாவை அவன் அழகாக வரைந்தான். டென்னிஸ் மைதானம், ரோசாப் பாத்தி, கராஜ் எதையும் விடவில்லை. பங்களாவுக்குப் பின்னால் இருந்த நாய்க்கூட்டைக்கூட வரைந்து பெயர் போட்டான். அப்புறம் நான்கு நீளக் கூரைகள் வந்தன.

"இதென்ன, கோழிப் பண்ணை மாதிரி இருக்கே?" என்று பக்கத்திலிருந்த கொழும்புப் பெண் சிரித்தாள்.

தரணிதரனும் சிரித்தான். "கிட்டத்தட்ட. மாட்டுக் கொட்டகை" என்றான்.

வீடு, கடை, தொழிற்சாலை, கொட்டகை என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் கொட்டகையைத் தேர்ந்தெடுத்து நான்கு முறை அழுத்தினான். நான்காவது கூரையின் கீழேதான் அவனுக்குத் தொப்புள்கொடி அறுத்தார்கள். விரல் கொஞ்சமாவது தயங்கியதா என்றால், இல்லை. அன்று மாலை அவனுக்கு 'களம் அறிந்தவர்' என்ற பதக்கம் கிடைத்தது.

அந்த நான்கு கொட்டகைகளில் மூன்றாவதில் ரத்னா இருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், மலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மேற்பிரிவுக்குத் தண்ணீர், மலைச்சரிவில் ஊற்று நீர் கொட்டும் ஒரு பீலியிலிருந்து வருகிறது. பீலிக்கு மேலே லயத்துக் கழிவறைக் குழிகள் இருக்கின்றன, மழைக்கு அவை பீலியில் கசியும். ரத்னாவின் மகள் ரூபிகாவுக்கு எட்டு வயது. இரண்டு மாதங்களுக்கு முன் செங்கமாரி வந்து, கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "கொதிக்க வைக்காத தண்ணீர் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அடுப்புக்கு முன்னால் நின்று கொதிக்க வைக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை பீலியில் வாய் வைப்பதை எந்த அடுப்பு தடுக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வினோதா வந்தாள். தோட்டங்களுக்குக் குடிதண்ணீர்த் தாங்கியும் குழாயும் போட்டுக்கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவள் அவள். கீழ்ப்பிரிவுக்குத்தான் வந்திருந்தாள், திரும்பும் வழியில் மேற்பிரிவுப் பிள்ளைக்காம்பராவில் நின்றாள்.

"எங்களுக்கு எப்ப போடுவீங்க தங்கச்சி?" என்று ரத்னா கேட்டாள்.

வினோதா கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். முகம் சங்கடப்பட்டது. "அக்கா, லிஸ்டுல ஒங்க டிவிஷனே இல்ல. மேப்ப பாத்துத்தான் வீடு எண்ணுறாங்க. வீட்டுக்கு ஒரு பைப்பு. மேப்புல இங்க வீடே இல்ல. நாலு மாட்டுக் கொட்டகைன்னு இருக்கு."

அவள் நீட்டிய தொலைபேசியை வாங்கி, ரத்னா அந்த நான்கு கூரைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இத நீங்க மாத்தேலாதா?"

"எங்களால ஏலாது. ஆனா யாரு வேணும்னாலும் மாத்தலாம், நீங்ககூட. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லிஸ்ட மூடிருவாங்க அக்கா. அதுக்குப் பொறகு அடுத்த வருசந்தான்."

திருத்துவது எப்படி என்று காட்டிக் கொடுத்துவிட்டு வினோதா போனாள். ரத்னா கணக்குப் பண்ணிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வீடு. நாளைக்கு ஐந்துதான் முடியும். வெள்ளிக்கிழமைவரை இருபதுக்கு மேல் தேறாது.

தொட்டிலில் குழந்தைகளைப் போட்டுவிட்டு, பிள்ளைக்காம்பராவின் பின்படிக்கட்டில் உட்கார்ந்தாள். மேற்பிரிவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் படிக்கட்டுதான். முதலில் தன் வீட்டை வரைந்தாள். 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு கட்டம் கேட்டது. 'நான் இங்கே குடியிருக்கிறேன்' என்று எழுதி அனுப்பினாள்.

முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது. 'நிராகரிக்கப்பட்டது. களத்தை அறியாதவர்கள் திருத்த வேண்டாம். தனிப்பட்ட அனுபவம் ஆதாரமாகாது. படம் இணைக்கவும். — சிகரம்.'

ரத்னா இரண்டு தரம் படித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகும் அது மனதைவிட்டுப் போகவில்லை. வாசலில் துணி காய்கிறது, அடுப்பில் பருப்பு வேகிறது, மகள் உள்ளே சத்தம் போட்டுப் பாடம் படிக்கிறாள். களத்தை அறியாதவள்! கோபம் வரத்தான் செய்தது. சாமி மாடத்தில் விளக்கேற்றும்போது, "அவங்களுக்கும் ஏதோ கஷ்டம் இருக்கும் முருகா" என்று சொல்லிக்கொண்டாள். இப்படி வேண்டிக்கொள்ள எல்லாராலும் முடியாது. இதை எழுதுகிற எனக்கே முடியவில்லை.

மறுநாள் மாலை, குழந்தைகளைத் தூக்கிப்போக வந்த பெண்களிடம் ரத்னா விஷயத்தைச் சொன்னாள். தொலைபேசி கைமாறிக் கைமாறிச் சுற்றியது.

"அப்ப நாங்க மாடா?" என்றாள் ஜீவராணி. கொழுந்து பறிப்பதில் மட்டுமல்ல, வாயிலும் அவள்தான் முதல் ஆள். "சரி, மாடுன்னே வச்சுக்குவோம். மாட்டுக்காவது தண்ணி காட்டணுமில்ல?"

"இங்க பாருங்கடி, தொரை வீட்டு நாய்க்கு வீடு போட்டிருக்கான்! பேரு வேற எழுதியிருக்கு" என்றாள் இன்னொருத்தி.

"அது வெளிநாட்டு நாயி. ஒன் மாமியா மாதிரியா?"

சிரிப்பு அடங்கியதும் ரத்னா, "ஆளுக்கு அஞ்சுதான் போடேலும். நான் ஒருத்தி போட்டு முடியாது" என்றாள்.

கைக்குழந்தையோடு பின்னால் நின்ற நாகலெட்சுமி மெதுவாகப் பேசினாள். "எனக்கு ஏழு மாசமா இருக்கிறப்ப நீங்க எல்லாம் என்னா செஞ்சீங்க அக்கா?"

அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும். வயிறு கனத்து அவளால் முழு நிறை பறிக்க முடியாமல் போனது. நிறை குறைந்தால் அன்றைக்கு அரைச் சம்பளம். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போகும் வழியில் ஒவ்வொருத்தியும் தன் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து அவள் பையில் போட்டாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. செய்ததைச் சொன்னதுமில்லை. தராசைப் பிடித்த கணக்கப்பிள்ளையும் தெரிந்தும் தெரியாதவர்போல அப்பால் பார்த்துக்கொண்டார். அந்தப் பாதையில் இது பாட்டன் காலத்துப் பழக்கம்.

"ஆளுக்கு ஒரு பிடிடி" என்றாள் ஜீவராணி. "போன எடு."

முப்பத்தொரு தொலைபேசிகள் சேர்ந்தன. திரை வெடித்தவை, ரப்பர் பட்டி போட்டவை, மகனிடம் கடன் வாங்கியவை. தங்கள் வாசலைப் படம் எடுத்து வந்து, பின்படிக்கட்டில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, கூரையைத் தொட்டு, 'வீடு' என்று அழுத்தினார்கள். எப்படித் தெரியும் என்று கேட்ட கட்டத்தில்தான் தாமதமாயிற்று.

"என்னாடி எழுத?"

"ஒனக்கு எப்படித் தெரியுமோ, அத எழுது."

எழுதினார்கள். 'எங்க வீட்டுக்காரர் இந்த வாசல்லதான் கண்ண மூடினார்.' 'மழைக்கு எந்த எடத்துல ஒழுகும்னு தெரியும்.' 'நான் பெரிய மனுசியானது இங்க.' 'இருபத்திரண்டு வருசமா சாணி போட்டு மெழுகுறேன்.'

நான்காவது லயத்தில் கடைசிக் காம்பரா காளியாயியுடையது. வேலையிலிருந்து நின்றுவிட்ட தனிக்கட்டை. எழுத்துத் தெரியாது. அவளுக்காக ரத்னாவே எழுதினாள்.

"எப்படித் தெரியும்னு கேக்குது அத்த."

காளியாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "எழுது. என் தங்கச்சி மகன் தரணிதரன் பொறந்தது இந்தக் காம்பராவுல. நான்தான் வெந்நி வச்சேன். அவன் இப்ப ஹட்டன்ல கம்ப்யூட்டர் படிச்சுக் குடுக்கிறான். பெரிய ஆளு. அதையும் எழுது, அவனுக்கு மரியாத."

ரத்னா ஒரு சொல்லும் விடாமல் எழுதி அனுப்பினாள். நாற்பத்தெட்டு முடிந்தது.

வியாழக்கிழமை காலை தரணிதரன் தன் கணினி வகுப்பறையில் உட்கார்ந்து திரையைத் திறந்தான். சிவப்பு எச்சரிக்கை ஒன்று இருந்தது. ஒரே மாலையில், ஒரே இடத்திலிருந்து முப்பத்தொரு புதுக் கணக்குகள். மோசடியாக இருக்கலாம்.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. போலிக் கணக்குகளைப் பற்றி அவன் ஏற்கெனவே ஒரு கட்டுரை எழுதியிருந்தான். இரண்டாவது கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. சிரிப்பதற்காகவே ஒவ்வொன்றாகப் படித்தான். மழைக்கு ஒழுகும் இடம், சாணி மெழுகல். "இதெல்லாம் ஆதாரமாம்" என்று பக்கத்து மேசை உதவி ஆசிரியருக்கு ஒன்றை வாசித்தும் காட்டினான். அவர் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் சாணி போட்டு மெழுகுவாங்க சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நாற்பத்தெட்டாவது பதிவில் அவன் கை நின்றது.

வாசல் படத்தில் பச்சைக் கதவு. கதவில் மூன்றாவது பலகை மட்டும் வேறு நிறம். அந்தப் பலகையைச் சின்ன வயதில் உதைத்து உடைத்தவன் அவனேதான். கீழே அவன் பெயர். எழுத்துப் பிசகாமல், மரியாதையோடு. வேறொருவனாக இருந்தால் அழுதிருப்பான். தரணிதரன் எழுந்துபோய் வகுப்பறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

அவனுக்கு வந்த முதல் எண்ணம் பெரியம்மாவைப் பற்றியது அல்ல, கோசலாவின் அண்ணன்மாரைப் பற்றியது. அவன் ஏற்பதெல்லாம் அவன் பக்கத்தில் தெரியும். மச்சான்மார் அந்தப் பக்கத்தைத் தினமும் பார்த்து, கடைக்கு வருகிறவர்களுக்கும் காட்டுவார்கள்.

எல்லாவற்றையும் மோசடி என்று தள்ளிவிடலாம். விரலைக் கொண்டுபோனவன், ஓரத்தில் இருந்த குறிப்புகளைக் கண்டான். அதற்குள் யார் யாரோ பார்த்திருந்தார்கள். எங்கோ குளிர் நாட்டிலிருந்து ஒருவர், 'வீட்டு மனிதர்களே தங்கள் வீட்டை வரைவதைவிட நல்ல ஆதாரம் ஏது? நன்றி' என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், நாற்பத்தெட்டுக் கூரைகளையும் ஆகாயப் படத்தோடு ஒப்பிட்டு, கோணலாக இருந்த ஆறு கோடுகளை நேராக்கிக் கொடுத்திருந்தார். அவருக்கு மேற்பிரிவு எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. பதக்கமும் இல்லை. ஆறு கோடுகள், ஒரு பிடி கொழுந்து.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தள்ளினால் தன் பெயர் கெடும். ஆகவே தரணிதரன் நியாயவானானான். நாற்பத்தேழு வீடுகளை ஏற்றான். ஒன்றைத் தள்ளினான். 'ஆதாரம் போதாது. — சிகரம்.'

பெரியம்மாவின் வீடு மட்டும் மறுபடியும் மாட்டுக் கொட்டகையாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் பின்படிக்கட்டுக்கு ஓடி வந்தார்கள். நாற்பத்தேழு பச்சைக் குறிகளைப் பார்த்து நாகலெட்சுமி குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். ரத்னா தன் வீட்டின் குறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரூபிகா குடிக்கப்போகும் தண்ணீர் அது.

"காளியாயி அத்த வீடு செவப்பா இருக்கே?" என்றாள் ஜீவராணி. "எல்லாரு வீட்டுக்கும் பைப்பு வந்து, அந்தக் கெழவி மட்டும் பீலிக்கு எறங்கவா? எந்த நாசமாப் போறவன்டி இவன்?"

ரத்னா சிவப்புக் கட்டத்தைத் திறந்து, தான் எழுதியதைத் திரும்பப் படித்தாள். மற்ற நாற்பத்தேழையும் ஏற்றவனுக்கு இது மட்டும் ஏன் பிடிக்கவில்லை? அதே கதவு, அதே கூரை, அதே மாதிரிப் படம். இதில் மட்டும் இருந்தது ஒரே ஒரு பெயர். ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்துக் கொடுக்கிற, பதினாறு வருடமாக இந்தப் பக்கம் வராத ஒருவனின் பெயர். முதுகு காட்டி நின்ற அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தாள். முதுகும் கொஞ்சம் பழக்கமானதாகத் தெரிந்தது.

"என்னா அக்கா, தெரிஞ்ச ஆளா?"

"இல்ல" என்றாள் ரத்னா. "யாரோ பாவம்."

மணி இரண்டே முக்கால். நாலு மணிக்குப் பட்டியல் மூடிவிடும். இந்த நேரத்தில் அவள் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். எல்லாரும் பார்க்கும் இடத்தில், 'தம்பி, வெந்நீர் வைத்தவளுக்கு ஒரு பைப்பு கொடுக்க மனமில்லையா?' என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும், சிகரம் சரிந்திருக்கும். ஜீவராணியாக இருந்தால் போட்டிருப்பாள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ரத்னா பழைய வாசகத்தை எடுத்துவிட்டு, 'காளியாயி என்பவரின் வீடு. பக்கத்து லயத்தில் இருப்பதால் தெரியும்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அவ்வளவுதான்.

மூன்றேகாலுக்குப் பச்சை விழுந்தது. ஆதாரம் கூடியிருக்கவில்லை, குறைந்திருந்தது. அதுதான் அவனுக்குப் போதுமாக இருந்தது. பிறந்த வீட்டைப் பிறந்த வீடு என்று யாரும் சொல்லாதவரை, அது வீடாக இருப்பதில் தரணிதரனுக்கு ஆட்சேபணை இல்லை.

அன்று மாலையே சிகரம் எழுதினான்: 'மறக்கப்பட்ட நாற்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு முகவரி தந்தோம். இது ஆரம்பம்தான்.' முந்நூற்றுப் பன்னிரண்டு இதயங்கள். கோசலாவின் பெரிய அண்ணன் அதைக் கடைச் சுவரில் ஒட்டினார். ஆனால் திறந்த வரைபடத்தில் எதையும் முழுதாக அழிக்க முடியாது. யாராவது 'பழைய பதிவுகள்' என்பதைத் தொட்டால் முதலில் எழுதியது அப்படியே வரும். அதைத் தொட்டவர்களின் எண்ணிக்கையைத் தரணிதரன் இப்போது பல் துலக்குமுன் பார்க்கிறான். இதயங்களை அதற்குப் பிறகுதான் எண்ணுகிறான்.

குழாய் போட ஆட்கள் வந்து குழி வெட்டிய நாளில், ரத்னா பின்படிக்கட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் கூரைகளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கந்தப்பளைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டம். அவள் போனதேயில்லை. அங்கே ஒரு பெண் தன் லயத்தை வரையத் தொடங்கி, ஐந்தோடு நின்றுபோயிருந்தாள்.

"அது யாரு வீடு புள்ள?" என்று கேட்டபடி காளியாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியாது அத்த. பிள்ளைக தூங்குது. கை சும்மாதான இருக்கு."

காளியாயி தன் வாசலில் நட்டிருந்த புதுக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் தண்ணீர் திறந்துவிடவில்லை.

"நான் சொன்னத அப்படியே எழுதினியா?"

"எழுதினேன் அத்த. ஒரு சொல்லும் விடல."

"தரணி பாத்தான்னா சந்தோசப்படுவான்."

ரத்னா கந்தப்பளையின் அடுத்த கூரையைத் தொட்டு, 'வீடு' என்று அழுத்தினாள்.

"பாத்துட்டாரு அத்த" என்றாள்.